ஒரே சட்டியில் சமையுங்கள்: இதயத்துக்காக மொத்த வீடும் மாறுவது எப்படி

மாரடைப்பு வந்த அப்பாவுக்கு இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்து, மதுரையிலிருந்து பாம்பனுக்கு அழைத்து வந்த மறுநாள், அம்மா அடுப்பில் இரண்டு சட்டி ஏற்றினார். சின்னச் சட்டியில் அப்பாவுக்கு உப்புச் சப்பில்லாத சுரைக்காய்க் குழம்பு. பெரிய சட்டியில் எங்களுக்கு வழக்கம்போல நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீடு இரண்டு அறைதான். கருவாட்டு வாசனையை எந்தக் கதவைச் சாத்தி நிறுத்துவது? பத்து நாள் அப்பா வாய் திறக்காமல் சாப்பிட்டார். பதினோராம் நாள் என் எட்டு வயது மகன் ஓடி வந்தான்: “தாத்தா பக்கத்து வீட்டுத் திண்ணையில கருவாட்டுச் சோறு திங்கிறாரு!”

அம்மாவுக்கு வந்த கோபத்தில் சின்னச் சட்டி உடைந்தது. அதோடு எங்கள் வீட்டில் ஒரே சட்டி என்றானது. அப்பாவுக்கு என்ன உப்போ அதே உப்பு எல்லோருக்கும். மற்ற மாற்றங்கள் எல்லாம் அதன் பின்னால்தான் வந்தன. வீட்டில் ஒருவருக்கு பிரஷரோ மாரடைப்போ வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களுக்கும், இன்னும் ஒன்றும் வராத வீட்டாருக்கும், நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். மருந்து, பரிசோதனை விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் முடிவு. இங்கே எழுதுவது அடுப்படி, திண்ணை, படகு சம்பந்தப்பட்டது.

எப்போது தொடங்குவது

வீட்டில் நோயாளி இருந்தால் இன்றைக்கே. அப்படி அவசரம் இல்லையென்றால் நம் கரையில் அதற்கென்றே ஒரு காலம் இருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீடுகளில் ஆண்கள் கரையில் இருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. குடும்பம் மொத்தமும் தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது வருடத்தில் அப்போதுதான். சீட்டாட்டம், பகல் தூக்கம், தொந்தி எல்லாம் சேருவதும் அதே காலத்தில்தான் என்பது வேறு விஷயம்.

தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களில் தவக்காலத்தில் இறைச்சியையும் குடியையும் பலர் ஏற்கெனவே விட்டிருப்பார்கள். ஈஸ்டருக்குப் பிறகு அதை அப்படியே நீட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தடைக்காலத்தில் ஒரு சிக்கலும் உண்டு. மீன் விலை ஏறும், கை தானாகக் கருவாட்டுப் பக்கம் போகும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் நாள் வேலை: எல்லோர் கையிலும் பட்டை

சமையலைத் தொடும் முன்னால் வீட்டில் 18 வயது தாண்டிய எல்லோரும் ஒரே நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷர் பாருங்கள். 30 வயதுக்கு மேல் என்றால் சுகரும் சேர்த்து. “எனக்கு என்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்” என்று சொல்பவரை முதல் ஆளாக நிறுத்துங்கள். பிரஷர் சத்தம் போடாத நோய். தலை சுற்றினால்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவுக்காகத்தான் போனோம். செவிலியர் அம்மாவுக்கும் பட்டை சுற்றினார்: 162/98. வேறொரு நாள் திரும்பப் பார்த்தார், அப்போதும் குறையவில்லை. பிரசவ காலத்துக்குப் பிறகு அம்மா கையில் யாரும் பட்டை சுற்றியதே இல்லை. வீட்டுப் பெண்களின் இதயத்தை நாம் கணக்கிலேயே வைப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிந்துகொண்டால் பிரஷர், சுகர் மாத்திரைகளைக் கொண்டுவந்து தருவார்கள்.

பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. டீ, காபி, பீடி முடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். 120/80க்குக் கீழே இருந்தால் நல்லது. வெவ்வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும்.

எண்களை எழுத நோட்டு வாங்காதீர்கள், அது பரணுக்குப் போய்விடும். நாங்கள் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டரிலேயே எழுதுகிறோம். எல்லோர் கண்ணிலும் படும். சவூதியில் இருக்கும் தம்பி லீவுக்கு வரும்போது சாக்லேட்டும் பால் பவுடரும் அள்ளி வருவான். இந்த முறை பிரஷர் பார்க்கும் மெஷின் கேட்டோம். உங்கள் வீட்டிலும் வெளிநாட்டில் ஆள் இருந்தால் இதையே கேளுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், புஜத்தில் சுற்றுகிற பட்டையாக இருக்கட்டும்.

உப்புப் பாக்கெட்டில் தேதி

உப்புதான் நம் கரையின் பெரிய பாடம். வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனமே இருக்கிறது. காற்றில் உப்பு, கிணற்றில் உப்பு, குழம்பில் சொல்லவே வேண்டாம். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ரத்தத்தில் நீர் கூடினால் குழாயில் அழுத்தம் கூடும். படகு எஞ்சினில் கைவைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. ஊறுகாய், அப்பளம், பிஸ்கட், கடைப் பரோட்டா எல்லாவற்றிலும் உள்ள உப்பு சேர்த்து இந்தக் கணக்கு. சமைக்கும்போது யார் டீஸ்பூனால் அளக்கிறார்கள்? அம்மா கை அள்ளுவதுதான் அளவு. அதனால் நாங்கள் வேறு வழி பிடித்தோம். ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதி எழுதுவது. தீரும் நாளில் நாளை எண்ணுவது.

ஒன்று கவனியுங்கள். மீன் கழுவ, சட்டி தேய்க்கக் கல்லுப்பு எடுப்போம் அல்லவா, அதைத் தனி டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். அப்பத்தா, அப்பா, அம்மா, நான், மனைவி, மகன் என்று நாங்கள் ஆறு பேர். முதல் பாக்கெட் 18 நாளில் தீர்ந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 9 கிராமுக்கு மேல்! கருவாட்டு உப்பைச் சேர்க்காமலே இவ்வளவு. ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு கிலோ 33 நாள் வர வேண்டும். வெளியிலிருந்து வரும் உப்பையும் நினைத்து 45 நாள் என்று இலக்கு வைத்தோம். நான்காவது பாக்கெட்டில்தான் எட்டினோம்.

ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் கலகம் வரும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும், பழைய குழம்பை வாயில் வைத்தால் கரிக்கும். அந்த இடைப்பட்ட காலத்தைச் சமாளிக்க நம்மிடம் சாமான் இருக்கிறது. புளி, எலுமிச்சை, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, நம்மூர் முண்டு மிளகாய். புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் எதற்கு இருக்கிறது? சாப்பாட்டு இடத்தில் உப்புக் கிண்ணம் வைக்கும் பழக்கத்தை அன்றே நிறுத்துங்கள். சோறு வடிக்க, மாவு பிசைய உப்பு வேண்டாம்.

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் ஒன்று கிடைக்கிறது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கொஞ்சம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். ஒரே சட்டி வீட்டில் இது எல்லோர் வயிற்றுக்கும் போகும் என்பதால், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

கருவாட்டை என்ன செய்வது

கருவாடே கூடாது என்று சொன்னால் இந்தக் கரையில் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். எங்கள் ஏற்பாடு இது: வாரத்தில் ஒரு நாள், ஆளுக்கு ஒரு துண்டு. சமைப்பதற்கு முன் வெந்நீரில் இருபது நிமிடம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஒருமுறை. உப்பு முழுக்கப் போகாது, ஓரளவு இறங்கும். குழம்பில் ஒரு கல் உப்புகூடப் போடக் கூடாது, கருவாடே போட்டுக்கொள்ளும். அதில் கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய் மூன்றில் இரண்டையாவது நிறையப் போடுங்கள். அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் கிடையாது.

தடைக்காலத்தில் மீன் விலைக்குப் பயந்து கருவாட்டை வாரம் நாலு நாள் வைக்காமல், பாசிப்பயறு, தட்டப்பயறு, கொண்டைக்கடலை, முட்டை என்று மாற்றுங்கள். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் சின்ன மீனுக்குக் காலையில் கரையில் நில்லுங்கள்.

சின்ன மீன் மேல் பலருக்கு இளக்காரம் உண்டு. விருந்தாளி வந்தால் வஞ்சிரம், வீட்டுக்கு மத்தி என்பார்கள். உண்மையில் மத்தி, சூடை, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மீன்களில்தான் இதயத்துக்கு நல்லதான ஒமேகா 3 கொழுப்பு நிறைய. அதை எண்ணெயில் முறுக முறுகப் பொரித்துத் தின்றால் மீன் செய்த நல்லதை எண்ணெய் எடுத்துக்கொள்ளும். குழம்பு, அவியல், அல்லது தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெயில் சுட்டெடுப்பது போதும். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

எண்ணெய்க்கும் பாக்கெட் கணக்குதான். ஆளுக்கு மாதம் அரை லிட்டர், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் சேர்த்து. ஆறு பேருக்கு மூன்று லிட்டர். மாதக் கடைசியில் தீர்ந்துவிட்டால் தாளிப்பில்லாமல் சமைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இரண்டு முறை அப்படி நடந்தது, மூன்றாம் மாதம் நடக்கவில்லை. தேங்காயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், ஆகவே தினமும் அரைத்து விடுவதை வாரம் இரண்டு நாளாக்கினோம். மற்ற நாளில் புளிக்குழம்பு, ரசம்.

தட்டில் பாதி காய் அல்லது கீரை, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ. இதைத் தனியாக விளக்க ஒன்றுமில்லை. மதுரையிலிருந்து லாரியில் காய் வரும் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம், கொல்லையில் முருங்கை நிற்கிறது.

யார் என்ன செய்வது

பெரும்பாலான வீடுகளில் முயற்சி படுத்துவிடுவது இந்த இடத்தில்தான். “இனிமே பத்தியமா சமை” என்று ஒரு பெண் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். அவருக்கு வேலையும் கூடுகிறது, ருசியில்லை என்ற பேச்சும் அவருக்கே. தண்ணீர் வண்டி தள்ளுவதும் அவர்தான்.

எங்கள் வீட்டுப் பங்கீட்டைச் சொல்கிறேன். சந்தைக்குப் போவதும் மீன் ஆய்வதும் அப்பா. பையில் சிப்ஸ் வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். காலண்டரில் பிரஷர் எழுதுவது, மாத்திரை தீரும் முன் சொல்வது நான். ஞாயிற்றுக்கிழமை சமையலும் நான். ஆரம்பத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை, இப்போது பொறுத்துக்கொள்கிறார்கள். உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுவது மகன். தனக்குத்தானே ‘உப்பு ஆபீசர்’ என்று பட்டம் கொடுத்துக்கொண்டான். அப்பத்தா அகப்பையோடு உப்பு டப்பா பக்கம் வந்தால் விசில் ஊதுவான்.

அப்பத்தாதான் கடைசி வரை மசியவில்லை. “வாய்க்கு ருசியா ஆக்கிப் போடாத வீடு என்னடா வீடு?” அவரோடு வாதாடிப் பயனில்லை. என் மனைவி வேறு மாதிரிப் போனாள். “அப்பத்தா, உங்க காலத்துல மழை நாள்ல என்ன ஆக்குவீங்க?” என்று ஒரு நாள் கேட்டாள். பாசிப்பயறுக் கஞ்சி, சுட்ட பனங்கிழங்கு, முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, குதிரைவாலிச் சோறு என்று ஒரு மணி நேரம் சொன்னார். மறுநாள் அவரே அடுப்படிக்கு வந்து நின்று செய்ய வைத்தார். எண்ணெயும் உப்பும் குறைவாகத்தான் இருந்தது, அவர் கவனிக்கவில்லை. கருப்பட்டி மட்டும் இன்னும் பஞ்சாயத்தில் இருக்கிறது. பனையிலிருந்து வந்தாலும் கருப்பட்டி சர்க்கரைதான், சுகர் உள்ளவர்களுக்கு அதில் சலுகை கிடையாது.

நடை, புகை

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை, அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் விடியும் முன் போய்விடுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சுபுஹு தொழுகை முடிந்து அப்படியே நடந்துவிட்டு வீட்டுக்கு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன், தனியாக நேரம் ஒதுக்கவே தேவையில்லை. நாங்கள் குந்துகால் பக்கம் நடப்போம். 1897இல் விவேகானந்தர் வந்திறங்கிய இடம், இப்போது அங்கே மண்டபம் இருக்கிறது. நாய்களுக்காகக் கையில் ஒரு கம்பு. இதய நோயாளி டாக்டர் சொன்ன பிறகே தொடங்கட்டும், முதலில் பத்து நிமிடம். நடக்க முடியாத அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்கிறார், எண்ணுவது உப்பு ஆபீசர்.

பீடி, சிகரெட்டில் பாதி வழி கிடையாது. வீட்டுக்குள் ஒருவர் விடும் புகை மற்றவர் இதயத்தையும் கெடுக்கும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் விலக்கல்ல. விட்டு ஒரு வருடத்தில் மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறையும். விட நினைப்பவர்களுக்கு 1800112356 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். சாராயத்துக்கு இந்த அளவு பாதுகாப்பு என்று ஒரு கணக்கு இல்லை.

விசேஷ வீடும் நோன்பும்

கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிடத்தான் செய்வோம். கீழக்கரைத் தொதல் அல்வாவை நீட்டினால் ஒரு துண்டு வாங்கத்தான் வேண்டும். ஒரு துண்டு. மறுநாள் காலை மறுபடி அதே சட்டி, அதே உப்பு. ‘நேற்றே கெட்டுப்போச்சு, இனி என்ன’ என்ற எண்ணம்தான் பிரியாணியைவிட ஆபத்து. ரமலானில் நோன்பு பிடிக்கும் இதய நோயாளிகள் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது, நோன்பு பிடிக்கலாமா என்பதை மாதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நோன்பு திறக்கும்போது வாடாவும் சமோசாவும் தினமும் என்பதை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றாக்கி, மற்ற நாளில் கஞ்சியும் பழமும் போதும்.

நெஞ்சு வலி என்றால்

இதை வீட்டில் ஒருமுறை நாடகம் மாதிரி நடித்தே பாருங்கள். நெஞ்சை அழுத்துவது போல வலி, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குவது. பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் பெரிய வலியே இல்லாமல் வெறும் அசதி, குமட்டல், மூச்சுத் திணறலாகவும் வரலாம். ‘வாய்வாக இருக்கும்’ என்று சோடா வாங்கி வந்து கொடுப்பது நம் ஊர் வழக்கம். அப்பாவுக்கும் அதைத்தான் செய்தோம். ஒன்றரை மணி நேரம் போயிற்று.

உடனே 108. ராமேஸ்வரம் தீவுக்குள் இருப்பவர்கள் ராமநாதபுரம் போகப் பாலம் தாண்டியாக வேண்டும். ஆடி அமாவாசை, தை அமாவாசை மாதிரி நாட்களில் வண்டிகள் எப்படி நிற்கும் என்று தெரியும்தானே, அதனால் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தருகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி போகும் வழியில் அது உயிரைப் பிடித்து வைக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் 108ஐ அழுத்தி வீட்டு அடையாளம் சொல்லத் தெரிய வேண்டும். எங்கள் மகன் ‘ஐஸ் கம்பெனிக்கு எதிர்ச் சந்து, நீலக் கதவு’ என்று ஒப்பிப்பான்.

கடலுக்குப் போகும் முன்

தடைக்காலத்தின் கடைசி வாரம், வலையும் எஞ்சினும் சரிபார்க்கும்போது வீட்டில் எல்லோருக்கும் மறுபடி பிரஷர் பாருங்கள். முதல் நாள் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அம்மாவுக்கு மாத்திரையும் சட்டியும் சேர்ந்து 134/84க்கு வந்திருந்தது. எண் குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள், குறைந்திருப்பதே மாத்திரையும் சேர்ந்ததால்தான். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது, ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும்.

டாக்டர் அனுமதித்த பிறகுதான் அப்பா மறுபடி படகேறினார், அதுவும் இரவுத் தொழிலுக்கு இல்லை. அவருடைய மாத்திரை இரண்டு நாளைக்குக் கூடுதலாக, மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், செல்போன் வைக்கும் அதே உறைக்குள் போகிறது. மூடியின் உட்புறம் பெயின்டால் இரண்டு எண்: கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கூடப் போகும் மூன்று பேருக்கும் டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியும். படகில் சமைக்கும் சோற்றுக்கான உப்பை மட்டும் அம்மா தாளில் பொட்டலமாக மடித்துத் தனியே கொடுத்தனுப்புகிறார். படகில் உப்பு டப்பா வைக்க இன்னும் அனுமதி வரவில்லை.